மலை மறைக்கும் வானத்தில் எந்தக் குமிழைத் திருப்புவது?

"அண்ணே, லெப்டொப் இல்லாம செய்மதியில பேச ஏலாதா?" என்று நானுஓயாப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டார். ஹாம் (அமெச்சூர் வானொலி) பரீட்சை எழுதி உரிமம் கைக்கு வந்து மூன்று மாதம். கையில் பழைய செட் ஒன்றும், அலுமினியக் குழாயில் தானே செய்த யாகி அன்டெனா ஒன்றும் இருக்கின்றன. அதே வாரம் பண்டாரவளையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நேர் எதிராகக் கேட்டார்: "எல்லாத்தையும் கம்பியூட்டரே திருப்பிடும்னா, நான் எதுக்குக் கையால பழகணும்?"

செய்மதி ஓட ஓட வழுக்கும் மீடிறனைக் குமிழைத் திருப்பிக் கையால் துரத்துவதா, கணினியிடம் விடுவதா என்பதுதான் இருவர் கேள்வியும். இருவருக்கும் தனித்தனியே பதில் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதும்போதுதான் தெரிந்தது, முதலில் கேட்க வேண்டியதை இருவரிடமும் நான் கேட்கவே இல்லை: உங்கள் வீட்டு வாசலில் நின்றால் மலை எவ்வளவு உயரத்துக்கு மறைக்கிறது?

## குரல் ஏன் வழுக்குகிறது

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு டொப்ளர் விளைவு தெரியும்: நெருங்கி வரும் பொருளின் அலை மீடிறன் கூடியும், விலகிப் போவதன் அலை குறைந்தும் வரும். ரயில் ஹாரனை உதாரணம் காட்டிப் படிப்பிப்பார்கள். நம் பதுளை ரயில் ஓடும் வேகத்தில் ஹாரனின் சுருதி மாறியதை யாரும் கேட்டிருக்க மாட்டோம் என்பது வேறு கதை. செய்மதி வினாடிக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுகிறது. அங்கே அந்த விளைவு விளையாட்டல்ல.

ஆர்.எஸ்.-44 ஐ எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பரில் ஏவிய ரஷ்யச் செய்மதி. சுமார் 1,200 முதல் 1,500 கிலோமீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட வடக்குத் தெற்காகச் சுற்றுகிறது. ஏவுகலத்தின் மேற்கட்டத்தை இன்னும் கழற்றாமல் இழுத்துக்கொண்டே திரிவதால், சில பட்டியல்களில் 'பிரீஸ்-கே.எம்.' என்ற பெயரும் சேர்ந்தே வரும். தேடிக் கிடைக்காவிட்டால் அப்படித் தேடுங்கள். 145.935 முதல் 145.995 மெகாஹேர்ட்ஸ் வரை நாம் ஏற்றுவதை 435.610 முதல் 435.670 க்குள் இறக்கித் தரும். பட்டை தலைகீழானது. அடியில் ஏற்றியது மேலே இறங்கும், எல்.எஸ்.பி.யில் (குரலின் கீழ்ப்பக்கப் பட்டை) ஏற்றியது யு.எஸ்.பி.யாக (மேல்பக்கப் பட்டை) வரும். ஏற்றும் மீடிறனையும் இறங்கும் மீடிறனையும் கூட்டினால் 581.605. நான் இந்த எண்ணைச் சுவரில் சோக்கால் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது 145.960 இல் பேசுகிறீர்கள் என்று வையுங்கள். டொப்ளர் இல்லாவிட்டால் உங்கள் குரல் 435.645 இல் கேட்க வேண்டும். செய்மதி தலைக்கு மேலாகப் போகும் சுற்றில் (சுற்று என்றால் நம் வானத்தில் அது உதித்து மறையும் ஒரு தடவை), தொடக்கத்தில் அது 435.6507 இல் இருக்கும், மறையும்போது 435.6393. பதினொரு கிலோஹேர்ட்ஸுக்கு மேல் சரிவு. இந்தச் சரிவு சீராக நடப்பதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் சோம்பலாக நகர்ந்து, தலைக்கு மேலே வரும்போது வினாடிக்கு 30 ஹேர்ட்ஸ் அளவுக்கு ஓடும். "வணக்கம், எப்படிச் சுகம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கிட்டத்தட்ட 100 ஹேர்ட்ஸ் போய்விடும். குரல் மெல்ல மெல்லத் தடித்து, தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் ஆகும்.

இது உங்கள் காதில் நடப்பது. செய்மதிக்குள் இன்னொன்று நடக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் 145.960 ஐத் தொடாமல் இருந்தாலும், அப்லிங்க்கிலும் (நாம் ஏற்றும் பக்கம்) டொப்ளர் இருப்பதால், செய்மதியின் பட்டைக்குள் உங்கள் இடம் ஒரு சுற்றில் 5.8 கிலோஹேர்ட்ஸ் நகர்கிறது. ஒரு குரலுக்குத் தேவை 2.7 கிலோஹேர்ட்ஸ்தான். ஆக, இரண்டு பேருடைய இடத்தை மிதித்துக்கொண்டு கடக்கிறீர்கள்.

## எதை வைத்து அளப்பது

வெளிநாட்டுக் கையேடுகளில் முதல் அளவுகோல் துல்லியம். சமவெளியில் அது சரி. மலையில் என் முதல் அளவுகோல் வேறு: செய்மதி மலை விளிம்புக்கு மேலே தலைகாட்டியதிலிருந்து, என் குரலை நானே கேட்கும்வரை எத்தனை வினாடி?

காரணம் எளிது. சுற்றிலும் 15 பாகைக்கு மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் இருக்கிறீர்கள் என்றால், சர்வதேச விண்வெளி நிலையத்தின் பத்து நிமிடச் சுற்றில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதுவும் நேர் தலைக்கு மேல் வந்தால்தான். ஆர்.எஸ்.-44 உயரத்தில் இருப்பதால் இருபத்தொரு நிமிடத்தில் பதினான்கு மிஞ்சும். மலை பறித்த நிமிடங்களைத் திருப்பி வாங்க முடியாது. மிச்சத்தில் இரண்டு நிமிடத்தைக் குரலைத் தேடியே செலவழித்தால் பேசுவது எப்போது?

மற்றவை:

- பட்டையில் பேசும் மற்றவர்களுக்கு எவ்வளவு இடைஞ்சல்.
- எத்தனை கை வேண்டும். கையில் பிடிக்கும் அன்டெனா என்றால் ஒரு கை ஏற்கெனவே போய்விட்டது.
- விலைச்சீட்டில் தெரியாத செலவு: மின்சாரம், மழை, இடி, இரைச்சல்.
- ஒன்று பழுதானால் அன்றைக்குப் பேச்சு நிற்குமா, தொடருமா.

## முறை ஒன்று: எப்.எம்., ஐந்து சனல்

விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் (கேட்டதை அப்படியே திருப்பி அனுப்பும் கருவி) இதற்கு நல்ல உதாரணம். 2020 செப்டெம்பரிலிருந்து இயங்குகிறது, 145.990 இல், ரிப்பீட்டரைத் திறக்கும் 67 ஹேர்ட்ஸ் டோனோடு ஏற்றினால் 437.800 இல் இறங்கும். எப்.எம். அகலமானது, ஆகவே நுணுக்கமாகத் திருப்பத் தேவையில்லை. 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து சனலை நினைவகத்தில் போட்டுவிட்டு, இரைச்சல் ஏறும்போதெல்லாம் ஒரு படி இறங்கினால் சரி. அப்லிங்க்கைத் தொடவே வேண்டாம். அதன் நகர்வு மூன்றரை கிலோஹேர்ட்ஸ் அளவுக்குள்தான், அதை எப்.எம். பொறுத்துக்கொள்ளும்.

முதல் அளவுகோலில் இதற்கு இணை இல்லை. விளிம்பு தாண்டியவுடன் கேட்கலாம், பேசலாம். ஆனால் செய்மதியில் இருப்பது ஒரே சனல் என்பதால் வலுத்தவன் குரல்தான் எடுபடும். நமக்கு வடக்கே பெரிய அன்டெனாவும் நிறைய வாட்டும் வைத்திருக்கும் ஒருவர் பேசத் தொடங்கினால் நீங்கள் பேசியது செய்மதிக்கே தெரியாது. அழைப்புக்குறி, லொக்கேட்டர் (உலகைச் சதுரங்களாகப் பிரித்த இடக்குறி), நன்றி என்பதற்கு மேல் உரையாடல் நகராது.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. 145.990 ஐ மூன்றால் பெருக்குங்கள்: 437.970. நீங்கள் கேட்கும் இடத்துக்குப் பக்கத்து வீடு. உங்கள் செட்டின் மூன்றாம் ஹார்மோனிக் உங்கள் காதையே அடைத்துவிடும். பி.டி.டி.யை (பேசும் பொத்தான்) அழுத்தியதும் செய்மதி மறைந்துபோனால், செட் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நடுவில் ஒரு நல்ல டிப்ளெக்சர் (இரண்டு மீடிறனையும் பிரிக்கும் வடிகட்டி) போட்டுப் பாருங்கள்.

பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்ட, ஹப்புத்தளை விளிம்பில் நடைபோகும் நாளில் பையில் போட்டுக்கொள்ள, உரிமம் கிடைத்த முதல் சில வாரத்துக்கு, இதுவே போதும்.

## முறை இரண்டு: ஒற்றைக் குமிழ், கையால்

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். அதை ஒளிக்கவில்லை.

விதி ஒரு வரி: இரண்டு மீடிறன்களில் குறைந்ததைக் கட்டிப்போடு, கூடியதைத் திருப்பு. டொப்ளர் நகர்வு மீடிறனோடு சேர்ந்து பெருகும். 435 இல் நடப்பது 145 இல் நடப்பதைப் போல் மூன்று மடங்கு. ஆகவே பெரியதைச் சமாளித்தால் பெரும்பங்கு வேலை முடிந்தது. ஆர்.எஸ்.-44 இல் கூடியது டவுன்லிங்க் (இறங்கும் பக்கம்), எனவே கேட்கும் குமிழைத் திருப்புகிறோம். ஏ.ஓ.-7 இல் பி முறை நேர்மாறு: 432.125–432.175 இல் ஏற்றி 145.925–145.975 இல் கேட்கிறோம். அங்கே கேட்கும் குமிழை விட்டுவிட்டு, பேசும் குமிழைத் திருப்ப வேண்டும்.

(ஏ.ஓ.-7 பற்றி ஒரு வார்த்தை. 1974 நவம்பரில் ஏவியது. 1981 இல் பற்றரி சோர்ட் ஆகி இறந்தது. 2002 இல் அந்த சோர்ட் தானே திறந்துகொள்ள, எழுந்து வந்து இன்னும் வெயிலில் மட்டும் உழைக்கிறது. நிழலுக்குள் போனால் தூங்கிவிடும். இந்த நோயாளிக்கு அதிக வாட் கொடுத்தால் எல்லோருடைய குரலும் நடுங்கும். குரல் நடுங்குகிறது என்று குமிழை முறுக்கிக்கொண்டே இருப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அங்கே குறைக்க வேண்டியது பவர்.)

செய்முறையில் இப்படி. செய்மதி வருவதற்கு முன் பீக்கனில் (செய்மதி தானே அனுப்பும் அடையாள ஒலி) காத்திருங்கள். ஆர்.எஸ்.-44 இன் மோர்ஸ் பீக்கன் 435.605. மலை விளிம்பில் அது 435.613 பக்கம் கேட்டால், டொப்ளரும் உங்கள் செட்டின் பிழையும் சேர்ந்து எவ்வளவு என்று கையோடு தெரிந்துவிடும். அப்லிங்க்கை 145.960 இல் வையுங்கள். 581.605 இலிருந்து கழித்து, மேலே ஐந்தாறு கிலோஹேர்ட்ஸ் சேர்த்து, அந்த இடத்தில் கேளுங்கள். பிறகு மெல்ல விசில் அடியுங்கள், அல்லது "ஹலோ ஹலோ" என்று நீட்டுங்கள். குமிழை மேலும் கீழும் இரண்டு கிலோஹேர்ட்ஸ் ஆட்டுங்கள். விசில் எங்கோ ஓரத்தில் ஊளையிடும். பிடித்து உங்கள் சுருதிக்கு இறக்குங்கள்.

பழகாத முதல் மாதத்தில் இதற்கு எனக்கு ஒன்றரை நிமிடம் பிடித்தது. ஒரு வருடம் கழித்துப் பதினைந்து, இருபது வினாடி. பார்க்காமல் விரல் கொழுந்து எடுப்பதைப்போல ஒரு பழக்கம் அது. சொல்லித் தர முடியாது, கூட நின்று கேட்டால்தான் வரும்.

கையால் திருப்புவோர் செய்யும் தவறுகளில் பெரியது, குரல் மங்கினால் உடனே குமிழைத் தேடுவது. செய்மதி உருண்டுகொண்டே போகிறது. அதன் துருவமுனைவு (அலை அதிரும் திசை) மாறினால் குரலின் சுருதி மாறாது, பலம் மட்டும் விழும். அப்போது குமிழைத் தொடாமல் யாகியை மணிக்கட்டில் கால்வட்டம் முறுக்குங்கள். சுருதி மாறினால் குமிழ், பலம் மாறினால் மணிக்கட்டு.

இன்னொன்று, இருவரும் ஒருவரையொருவர் துரத்துவது. உங்களுக்குப் பதில் சொல்பவர் சற்றுத் தள்ளி வருகிறார். அவரைச் சரியாகக் கேட்க நீங்கள் கேட்கும் குமிழைத் திருப்புகிறீர்கள், கூடவே பேசும் குமிழையும் திருப்புகிறீர்கள். அவரும் அதையே செய்கிறார். இரண்டு நிமிடத்தில் இருவரும் கைகோத்துப் பட்டையின் அடுத்த கரைக்குப் போயிருப்பீர்கள். பேச்சு தொடங்கியபின் பேசும் குமிழில் கை வைக்காதீர்கள்.

எதிரே கணினியால் திருப்புபவர் இருந்தால் இதில் ஒரு சிக்கல். அவருடைய இடம் செய்மதியில் அசையாது. உங்கள் அப்லிங்க் மட்டும் வினாடிக்குப் பத்துப் பதினைந்து ஹேர்ட்ஸ் அவரை விட்டு வழுக்கும். நீண்ட நேரம் பேசாதீர்கள். பேசி முடித்து அடுத்த முறை வாய் திறக்குமுன் அப்லிங்க்கை ஒரு சிட்டிகை நகர்த்தி, உங்கள் குரலை அவர் குரலின் மேல் வையுங்கள். விதியை மீறியதாகாதா என்று தம்பி கேட்டார். ஆகும்.

இடைஞ்சல் அளவுகோலில் இந்த முறை தோற்கிறது, சந்தேகமே இல்லை. அந்த 5.8 கிலோஹேர்ட்ஸ் நடை உண்மை. ஆனால் நம் பக்கத்து வானத்தில் ஆள் குறைவு. தெற்கே கடல். இந்தியாவின் மேலாகச் செய்மதி வரும் மாலைச் சுற்றுகளைத் தவிர்த்தால், பல நாள் பட்டை முழுதும் என் ஒரே குரல்தான் எதிரொலித்திருக்கிறது. மிதிக்க ஆள் இல்லாத வீதியில் எங்கே நடந்தால் என்ன?

மறைந்த செலவு: முழு டூப்ளெக்ஸ் வேண்டும், அதாவது பேசும்போதே கேட்க வேண்டும். பெரும்பாலான சிறிய செட்கள் இதைச் செய்யா. இரண்டு பழைய செட் வாங்கினால் இரண்டு வயர், இரண்டு பற்றரி. ஒரு எஃப்.டி.-818 இல் பேசி, மலிவான எஸ்.டி.ஆர். டொங்கிளில் (கணினியில் செருகிக் கேட்கும் சிறு வாங்கி) கேட்பவர்கள் இருக்கிறார்கள். திரையில் 60 கிலோஹேர்ட்ஸ் பட்டையும் அருவிபோல் தெரியும், உங்கள் கோடும் அதில் தெரியும், தேடும் வேலை மிச்சம். ஆனால் அதற்கு ஒரு கணினி வேண்டுமே என்றால், ஆம், வேண்டும். சுத்தமான கைமுறை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

## முறை மூன்று: இரண்டு பக்கத்தையும் கணினி திருப்புவது

ஜிபிரெடிக்ட், சாட்பிசி32 போன்ற மென்பொருள்கள் செய்மதியின் பாதையைக் கணித்து, அப்லிங்க், டவுன்லிங்க் இரண்டையும் வினாடிக்கு வினாடி திருத்தும். செய்மதிக்குள் உங்கள் இடம் ஆணி அடித்ததுபோல் நிற்கும். நீங்கள் ஒரு வெற்றிடத்தைத் தேர்ந்து பேசினால் பதினைந்து நிமிடமும் அதே இடம். இரு பக்கமும் இப்படி இருந்தால் தொலைபேசியில் பேசுவதுபோல் இருக்கும். உலக அளவில் நல்ல பழக்கம் என்று சொல்லப்படுவது இதுதான், சரியான காரணத்தோடுதான் சொல்கிறார்கள்.

மலையில் இதன் பெரிய இலாபம் வேறு. எல்லாம் ஒழுங்காக இருந்தால், விளிம்பைத் தாண்டிய முதல் வினாடியிலேயே உங்கள் குரல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். தேடலே இல்லை. 20 பாகைக்கு மேல் மறைக்கும் குழிக்குள் வீடு இருப்பவருக்கு இது ஆடம்பரமில்லை.

'எல்லாம் ஒழுங்காக இருந்தால்' என்ற சொல்லில்தான் செலவு ஒளிந்திருக்கிறது.

முதலாவது, மணிக்கூடு. தலைக்கு மேலே வரும் ஆர்.எஸ்.-44 இல், அப்லிங்க் நகர்வைக் கழிக்காமல் பார்த்தால், டவுன்லிங்க் மட்டும் வினாடிக்கு 50 ஹேர்ட்ஸ் வரை ஓடுகிறது. விண்வெளி நிலையத்தில் அது 190 வரை போகும். கணினியின் மணி மூன்று வினாடி பிழைத்தால் ஆர்.எஸ்.-44 இல் 150 ஹேர்ட்ஸ் பிழை. 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், என் பழைய மடிக்கணினியின் உள்பற்றரி செத்து, ஒவ்வொரு முறையும் மணி பின்தங்கியே எழுந்தது. இரண்டு வாரம் மென்பொருளைத் திட்டினேன். பிழை மணிக்கூட்டில். புதிதாக நிறுவுபவர்கள் நேர வலயத்தையும் பாருங்கள்: ஐந்தரை மணிநேரம் தள்ளிப்போய்க் காலி வானத்தை அழைத்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இரண்டாவது, சுற்றுப்பாதைத் தரவு. வாரம் ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். தோட்டத்து மேட்டில் நின்று கைப்பேசியை உயர்த்திப் பிடித்தால் ஒரு கோடு சிக்னல் வரும் இடங்களில் இதுவே ஒரு வேலை. வீட்டில் இறக்கிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, செட்டின் சொந்தப் பிழை. 435 மெகாஹேர்ட்ஸில் மில்லியனில் ஒரு பங்கு பிழை என்றால் 435 ஹேர்ட்ஸ். கணினி கணக்கு சரி, செட் தவறு. ஆகவே ஒவ்வொரு செய்மதிக்கும் ஒரு திருத்தத்தைக் கையால் கண்டுபிடித்துப் போட வேண்டும். ஆம், கையால், விசில் அடித்து. நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் புல்லில் உறைபனி படியும்போது ஒரு திருத்தம், மத்தியான வெயிலில் இன்னொன்று என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நான்காவது, இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரும் யூ.எஸ்.பி. கேபிளும் 145 இல் சீறும். ஏ.ஓ.-7 இன் மெல்லிய குரலைக் கேட்க வேண்டிய இடம் அது. சார்ஜரைக் கழற்றினால் பற்றரி எவ்வளவு நேரம்?

பணத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஐகொம் ஐ.சி.-9700 மாதிரி ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டுமென்றால் லட்சக் கணக்கில் போகும்; இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். பழைய செட் இரண்டைக் கணினியோடு பிணைக்கலாம், செலவு குறையும், கம்பி கூடும்.

## முறை நான்கு: திருப்பவே வேண்டாம்

கியூ.ஓ.-100 புவிநிலைச் செய்மதி. 25.9 பாகை கிழக்கில், நில நடுக்கோட்டுக்கு மேலே அசையாமல் நிற்கிறது. 2018 இல் ஏவி 2019 பெப்ரவரியில் திறந்தார்கள். டொப்ளர் இல்லை. அதை ஒரு டியூனிங் முறையாகச் சேர்ப்பதா என்று யோசித்தேன். கேட்பவர்கள் நிறைய என்பதால் சேர்க்கிறேன். (இந்த யோசனையை 1945 இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க் பின்னர் நம் தீவிலேயே வந்து குடியேறியவர் என்பதும் ஒரு காரணம்.)

மலையகத்திலிருந்து அது கிட்டத்தட்ட நேர் மேற்கே, 27 பாகை உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு மலை மறைக்காது. மேற்கே செங்குத்தான சரிவின் அடியில் இருப்பவர்கள் மட்டும் கைப்பேசியின் சாய்வுமானியால் அளந்துபார்த்துவிட்டுச் செலவழியுங்கள். 2,400 மெகாஹேர்ட்ஸில் ஏற்றி 10,489 க்கு மேல் கேட்கிறோம், டி.டி.எச். டிஷ்ஷும் அதன் முன்னால் இருக்கும் வாங்கியான எல்.என்.பி.யும் கேட்பதற்குப் போதும்.

டொப்ளர் போனாலும் வழுக்கல் போகாது. பத்து கிகாஹேர்ட்ஸில் மில்லியனில் ஒரு பங்கு என்றால் பத்து கிலோஹேர்ட்ஸ். மலையில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள குளிர் வித்தியாசம் கூரைமேல் இருக்கும் எல்.என்.பி.யை நகர்த்திக்கொண்டே இருக்கும், பீக்கனைப் பிடித்துத் திருத்த வேண்டும். உங்கள் குரல் கால் வினாடி தாமதமாக உங்கள் காதுக்கு வருவதால் பேச்சு திக்கும். பழகும்வரை ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். அதிக பவரில் ஏற்றினால் செய்மதி நிலையமே உங்கள் மேல் சைரன் ஊதும். மே முதல் செப்டெம்பர் வரை வட்டவளை, ஹட்டன் சரிவுகளில் பெய்யும் மழைக்குப் பத்து கிகாஹேர்ட்ஸ் தாங்குமா என்றால், பெரிய டிஷ் வைத்தவர்களுக்கு ஓரளவு தாங்கும். ஜப்பானையும் ஆஸ்திரேலியாவையும் இதில் பிடிக்க முடியாது. ஆபிரிக்கா, ஐரோப்பா, மத்திய கிழக்கு, பிரேசிலின் கிழக்கு வரை எந்த நேரமும் ஆள் உண்டு. எந்த முறையானாலும், உங்கள் உரிமத்தில் அந்த அலைவரிசை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | எப்.எம். ஐந்து சனல் | ஒற்றைக் குமிழ் | கணினி, இரு பக்கமும் | கியூ.ஓ.-100 |
|---|---|---|---|---|
| குரல் கேட்க எடுக்கும் நேரம் | உடனே | 15 வினாடி முதல் 90 வரை, பழக்கத்தைப் பொறுத்து | சரிபார்த்து வைத்திருந்தால் உடனே | பீக்கன் பிடித்தபின் உடனே |
| மற்றவர்க்கு இடைஞ்சல் | ஒரே சனல், எல்லோருக்கும் எல்லோரும் | ஒரு சுற்றில் 5.8 கிலோஹேர்ட்ஸ் நகரும் | இல்லை | இல்லை, பவர் அளவோடு இருந்தால் |
| கைகள் | இரண்டு | இரண்டரை | ஒன்று | ஒன்று |
| மறைந்த செலவு | மூன்றாம் ஹார்மோனிக் | இரண்டாவது செட் | மணிக்கூடு, தரவு, இரைச்சல் | மழை, எல்.என்.பி. நகர்வு |
| பழுதானால் | வேறு செட் எடுக்கலாம் | காது இருந்தால் போதும் | கைமுறை தெரிந்தவர் மட்டும் தொடரலாம் | நின்றுவிடும் |
| நீண்ட பேச்சு | இல்லை | முடியும், கவனம் வேண்டும் | நன்றாக | நன்றாக |

## யாருக்கு எது

வடக்கும் தெற்கும் திறந்த மேட்டில் இருப்பவர், ஹப்புத்தளை விளிம்பு மாதிரி, கையால் திருப்பிப் பழகட்டும். ஆர்.எஸ்.-44 வடக்குத் தெற்காகத்தான் வரும். உங்களிடம் நிமிடம் இருக்கிறது, தவற விட்டாலும் மிச்சம் இருக்கும். இடம் மாறி மாறிப் போய்ப் பேசுபவருக்கும் இதுவே. 80 பாகைக் கோட்டுக்கு மேற்கே இருக்கும் கொழும்பின் லொக்கேட்டர் எம்.ஜே.96, நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை எல்லாம் என்.ஜே.06. இந்தச் சதுரத்தைச் சேகரிக்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக மேடு ஏறும்போது மடிக்கணினி பாரம்.

20 பாகைக்கு மேல் மறைக்கும் பள்ளத்தில் வீடு, வீட்டிலிருந்தே பேச விருப்பம், ஒரே செய்மதியில் நீண்ட உரையாடல் வேண்டும்: கணினி. ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு மாதமாவது கையால் திருப்பிப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்தத் திருத்த எண்ணைப் போடத் தெரியாது. குரல் 200 ஹேர்ட்ஸ் தள்ளி இருப்பதைக் காது கண்டுபிடிக்காவிட்டால் கணினி பிழையாகத் திருப்புவது உங்களுக்கு எப்படித் தெரியும்?

நேரம் இல்லாதவர், இரவு பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வருபவர், செய்மதி வரும் நேரத்துக்குத் தன் நாளை மாற்ற முடியாதவர்: கியூ.ஓ.-100. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தால் டிஷ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். யாகியைக் கையில் பிடித்து மேட்டில் நிற்பவர்கள் கழற்றுவதற்குக் காத்திராமல் இறங்கி ஓடுங்கள்.

ஆசிரியரிடம் மறுபடி கேட்டேன். அவர் வீட்டுக்கு வடக்கே சரிவு 22 பாகை மறைக்கிறது, தெற்கே திறந்திருக்கிறது, மகனின் பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. கணினி வையுங்கள் சேர் என்று எழுதினேன், ஒரு மாதக் கைப்பழக்கம் என்ற நிபந்தனையோடு. பள்ளிக்கூடத்தில் மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவர், முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

நானுஓயாத் தம்பிக்குச் சொன்னது, லெப்டொப் காசை இரண்டாவது செட்டில் போடுங்கள் என்று. போன வாரம் ஒரு ஒலிப்பதிவு அனுப்பினார். விசில் ஐம்பது வினாடிக்குப் பிறகு கிடைக்கிறது. உடனே குமிழை எதிர்ப்பக்கம் திருப்பித் தொலைக்கிறார். மறுபடி பிடித்து நான்கு தரம் தன் அழைப்புக்குறியைத் தானே கேட்கிறார். நடுவில் டமார் என்று ஒரு சத்தம், அன்டெனா கையிலிருந்து விழுந்தது. அடுத்த சுற்றுக்கு அதைத் தங்கையிடம் கொடுத்து நிறுத்தப் போகிறாராம்.